வெள்ளித் தகடும் அரிவாளும்

ஆண்கள் துப்பாக்கியைப் பற்றி எழுதும்போது குலம் கோத்திரம் பார்த்து எழுதுகிறார்கள். எந்தப் பட்டறையில் செய்தது, எந்த ஆண்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கட்டையில் பதித்த தகட்டில் யாருடைய பெயர் இருக்கிறது. பழைய வேட்டைத் துப்பாக்கியின் விலையை ஏற்றுவது இரும்பும் மரமும் மட்டுமல்ல, இந்த வம்சாவளியும்தான். நான் இந்த வகை எழுத்தை நாற்பது ஆண்டுகளாக விரும்பிப் படிக்கிறவள். காட்டுப்பள்ளியில் ஒரு சரக்கு ஏஜென்சி அலுவலகத்தில் பில் ஆஃப் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கன்டெய்னர் லாரிகள் கேட்டில் வரிசை கட்டி நிற்கும் மதிய நேரங்களில், மேசை இழுப்பறையில் கென்னத் ஆண்டர்சன் இருப்பார். அவருடைய .405 வின்செஸ்டர் எனக்கு நன்கு தெரிந்த பொருள். ஒருநாளும் தொட்டதில்லை, அவ்வளவுதான்.

இந்த எழுத்தை ஒரு பெண் எப்படிப் படிப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வெறுத்து ஒதுக்கிவிடலாம். நம் தோழியர் பலர் அதைத்தான் செய்கிறார்கள். துப்பாக்கி, ஆண்மை, காலனியம் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த மூன்றும் உண்மைதான். ஆனால் அப்படி முடித்துவிட்டால் அந்தப் பக்கங்களுக்குள் இருக்கும் பெண்களையும் சேர்த்து மூடிவிடுகிறோம்.

‘குமாயுன் புலிகள்’ என்று தி.ஜ.ர. தமிழுக்குக் கொண்டுவந்த ஜிம் கார்பெட்டின் நூலை எடுத்துக்கொள்வோம். ஆங்கில மூலம் 1944இல் வந்தது. முதல் கதை சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்றது என்பது கார்பெட் தரும் கணக்கு. மலையில் புல் அறுப்பதும், தழை ஒடிப்பதும், சுள்ளி பொறுக்குவதும் பெண்கள் வேலை. அதனால் புலிக்கு அகப்பட்டவர்களில் பெண்கள் மிகுதி. கடைசியாக இறந்தவள் பதினாறு பதினேழு வயதுப் பெண். அவள் விழுந்த இடத்தில் கார்பெட் பார்ப்பது அறுந்து கிடக்கும் நீலமணி மாலை. நூலில் அவளுக்குப் பெயர் இல்லை.

பெயர் இல்லாத இன்னொருத்தியும் இருக்கிறாள். அக்காளும் தங்கையும் புல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். புலி அக்காளைக் கவ்விக்கொண்டு போகிறது. தங்கை கையிலிருந்த அரிவாளை ஓங்கியபடி, அவளை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள் என்று அலறிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். புலி திரும்பி அவள்மேல் பாய வருகிறது. அவள் ஓடித் தப்பிவிடுகிறாள்; அன்றிலிருந்து பேச்சு போய்விடுகிறது. புலியைக் கொன்றபின் கார்பெட் அவள் ஊருக்குப் போய்த் தோலை விரித்துக் காட்டுகிறார். அவளுக்குப் பேச்சு திரும்புகிறது, ஊரைக் கூப்பிடுகிறாள். கதை அங்கே முடிந்துவிடவில்லை. சில மாதம் கழித்து நைனிதாலில் தர்பார் கூடுகிறது. லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட், சம்பாவத் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கியும், பெண்ணின் உடலைத் தேடியபோது கார்பெட்டுடன் கூடப் போன ஆளுக்கு ஒரு வேட்டைக் கத்தியும் பரிசளிக்கிறார். இரண்டிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது, இரண்டும் அந்தந்தக் குடும்பத்தில் பரம்பரைச் சொத்தாக இருக்கும் என்கிறார் கார்பெட். கார்பெட்டுக்குக் கிடைத்தது .275 ரிக்பி ரைஃபிள். கட்டையில் வெள்ளித் தகடு. புலியோடு நேருக்கு நேர் நின்ற நான்காவது ஆள் அந்தத் தங்கை. அரிவாளுக்கு யாரும் தகடு அடிக்கவில்லை.

அந்த ரிக்பி இன்று உலகில் பேர்போன வேட்டைத் துப்பாக்கிகளில் ஒன்று. கார்பெட்டின் பதிப்பாளரான ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் கையில் நெடுங்காலம் இருந்து, 2015இல் செய்த கம்பெனிக்கே திரும்பிப் போனது. அடுத்த ஆண்டு குமாயுனுக்கே ஒரு நடை கொண்டுவந்து காட்டினார்கள். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. சம்பாவத் புலி அந்த ரைஃபிளால் சாகவில்லை. கார்பெட் அன்று வைத்திருந்தது வேறு துப்பாக்கி. இருந்த மூன்று தோட்டாவும் தீர்ந்துபோய், தாசில்தாரின் துப்பாக்கியை இரவல் வாங்கித்தான் கடைசியில் சுட்டார். இன்னொன்று: அந்தப் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ ஒரு வேட்டைக்காரர் முன்பு சுட்ட குண்டு. பல் போனதால் இரை பிடிக்க முடியாமல் மனிதரைத் தின்னத் தொடங்கியது என்று கார்பெட்டே எழுதுகிறார். 436 பேரின் சாவுக்குக் காரணமான அந்தத் துப்பாக்கிக்கு வம்சாவளி இல்லை. எதை எழுதிவைப்பது, எதை விடுவது என்பதில் சேகரிப்பாளர்கள் சாமர்த்தியசாலிகள்.

கார்பெட்டைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எழுதாமல் போயிருந்தால் அரிவாளோடு ஓடியவளை நமக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. அவர் பார்த்தார், எழுதினார். பொருளாக மாறி, விலை ஏறி, கை மாறி வருகிற வரலாற்றில்தான் அவள் விடுபட்டுப்போனாள்.

இனி நம் காலத்துக்கு வரலாம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தியாவில் வேட்டைத் துப்பாக்கிக்கு வேலை போய்விட்டது. ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. ஆக, வீட்டில் இருக்கும் பழைய ரைஃபிள் எதற்கும் பயன்படாத பொருள். ஆணுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. தாத்தாவுடையது, அழகாக இருக்கிறது, ஆசைப்பட்டேன் என்று சொன்னால் போதும். பயன் இல்லாத ஒன்றை வெறும் ஆசைக்காக வைத்துக்கொள்ளும் உரிமை அவனுக்குப் பிறப்பிலேயே வந்துவிடுகிறது. பெண் வாங்கும் பொருளோ உழைக்க வேண்டும். மிக்ஸி அரைக்க வேண்டும், நகை அடகுக்குப் போக வேண்டும். துப்பாக்கியானால் அதற்கும் ஒரு வேலை கொடுத்தாக வேண்டும்.

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வரை நினைத்துப் பாருங்கள். டெல்லி பேருந்து வன்கொடுமை நடந்து ஓராண்டு. அந்தப் பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த ‘நிர்பயா’ என்ற பெயரின் பொருளையே துப்பாக்கிக்கும் வைத்தார்கள். அரைக் கிலோ எடை, கைப்பைக்குள் அடங்கும், விலை 1.22 லட்சம். நகைப்பெட்டி போன்ற அரக்கு நிறப் பெட்டியில் வந்தது. பெண்ணுக்கென்று அரசு ஒரு துப்பாக்கி செய்தபோது அதற்குள் முதலில் வைத்தது பயத்தைத்தான். இந்த விலைக்கு யாரால் வாங்க முடியும், பேருந்தில் வேலைக்குப் போகிறவளாலா என்று அன்றே பலர் கேட்டார்கள். எனக்கு உறுத்தியது அந்தப் பெட்டி.

‘சாண்ட் கீ ஆங்க்’ படம் 2019இல் வந்தது. உத்தரப்பிரதேசம் பாக்பத் மாவட்டத்து ஜோஹ்ரி கிராமத்தில், அறுபது வயதுக்கு மேல் துப்பாக்கி சுடக் கற்று, போட்டிகளில் பதக்கங்களைக் குவித்த சந்த்ரோ தோமர், பிரகாஷி தோமர் இருவரின் கதை. படத்தில் அவர்களாக நடித்தவர்கள் முப்பதையொட்டிய இரு நடிகைகள். எங்கள் வயதுக்குரிய பாத்திரத்தையாவது எங்களுக்குக் கொடுங்களேன் என்று மூத்த நடிகை நீனா குப்தா வெளிப்படையாகவே கேட்டார். கிழவிகளாக ஒப்பனை போட்ட இளம் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வியின் நியாயம் காட்சிக்குக் காட்சி உறைத்தது. அதைவிடப் பெரிய கோளாறு திரைக்கதையில் இருக்கிறது. பாட்டிகள் சுடுவதெல்லாம் பேத்திகளுக்காக. அவர்கள் வெளியே வர, படிக்க, வேலைக்குப் போக. உண்மையிலும் சந்த்ரோ முதலில் பயிற்சிக் களத்துக்குப் போனது பேத்திக்குத் துணையாகத்தான். ஆனால் பிறகு? வீட்டார் தூங்கியபின் தண்ணீர்ச் சொம்பை நீட்டிப் பிடித்துக் கை நடுங்காமல் பழகினாரே, அது யாருக்காக? குறி விழும்போது உடம்புக்குள் ஓடும் சந்தோஷத்துக்குப் படம் சில நொடிகளே தருகிறது. உடனே பேத்தியின் முகத்துக்குப் போய்விடுகிறது. தியாகம் என்று முத்திரை குத்தாமல் ஒரு கிழவியின் ஆசையைக் காட்ட அதற்குத் தைரியம் வரவில்லை. சந்த்ரோ 2021 ஏப்ரல் 30 அன்று கொரோனாவில் இறந்தபோது வந்த அஞ்சலிகளும் ஏறக்குறைய இதே தொனிதான்.

‘வேட்டை’ என்ற சொல்லையே நாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டுமே. விரல் நுனியில் இரை அசைவதை அறிந்து பிடிப்பது வேட்டையில்லாமல் வேறென்ன? அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலந்த கொசஸ்தலையாற்றில் அவர்கள் இரை குறைந்துகொண்டே வந்ததைக் காட்டுப்பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆண்டர்சனின் வின்செஸ்டரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. பறியைப் பற்றி யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

பணிக்கொடை வந்த கையோடு நான் ஒரு டயானா 27 வாங்கினேன். காற்று ரைஃபிள். துளை .177 அங்குலத்துக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாவிட்டால் உரிமம் தேவையில்லை. குழலை மடித்து ஸ்பிரிங் ஏற்ற வேண்டும். விசைக்குள் மூன்று சிறு எஃகு உருண்டைகள், அதனால் இழுப்பு வெண்ணெய் மாதிரி. போருக்குப் பின் பிரிட்டன் அந்தக் கம்பெனியின் எந்திரங்களையும் பெயரையும் எடுத்துக்கொண்டு போனதால் ஸ்காட்லாந்தில் செய்த டயானாக்களும் உண்டு. சேகரிப்பவர்கள் ஜெர்மனியின் ரஸ்டாட்டில் செய்ததைத்தான் தேடுவார்கள். என்னுடையது ரஸ்டாட். அதன் முத்திரை எனக்குத் திருவொற்றியூர் மாசித் திருவிழாவின் பலூன் கடைக் காலத்திலிருந்தே மனப்பாடம்: வேட்டைத் தெய்வமான டயானா வில்லைக் காலடியில் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பாள். கடைக்காரர் என் தம்பிக்குத்தான் சுடக் கொடுத்தார். நான் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்கியதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. “இன்னாத்துக்கு மேடம்? தனியா இருக்கீங்கன்னா ஒரு சிசிடிவி போட்டுக்கலாம்ல?” என்றாள் அலுவலகத்தில் எனக்குப் பின் வந்த பெண். “யார சுடப் போற, அம்மா?” என்றான் மகன். காக்கை விரட்டவா என்றார் வீட்டுக்காரர். பயம், கோபம், வீட்டு வேலை: மூன்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். ஆசையாக இருந்தது என்றேன். அதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறமும் கேட்டார்கள்.

விற்றவர் ராயபுரத்து ஆங்கிலோ இந்திய மூதாட்டி. மகளோடு பெர்த்துக்குப் போவதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ரயில்வேயில் இருந்த அப்பா வாங்கியதாம். அண்ணன்மார் இருவரும் சுடுவார்களாம்; இவர் மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுவாராம், அப்பா காலத்திலிருந்து நேற்றுவரை. துருவின் சாயல்கூட இல்லை. ரசீது எழுதும்போது, முன்பு வைத்திருந்தவர்கள் என்று அப்பா பெயரையும் அண்ணன்மார் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உங்கள் பெயரையும் போடுங்கள் என்றேன். “நான் ஒருநாள்கூட சுட்டதில்லையே, மை டியர்” என்றார். வைத்திருந்தது நீங்கள்தானே என்றேன். சற்று யோசித்துவிட்டு, அண்ணன்மாருக்குக் கீழே தன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘1958 முதல்’ என்று சேர்த்தார். அதற்குக் கீழே நான் என் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டேன்.

மொட்டைமாடியில் அட்டைப்பெட்டிக்குள் மணல்மூட்டை வைத்து, பத்து மீட்டரில் தாள் ஒட்டிச் சுடுகிறேன். குண்டு இன்னும் வலப்பக்கமாகவே ஒதுங்குகிறது.