‘என் சரித்திர’த்தில் ஒரு தந்தை

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1950-இல் நூலுருப் பெற்றது. ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாமல் நின்றுபோன நூல் அது. அதனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே எடுத்துரைப்பர். ஒன்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் அவர்தம் மாணாக்கருக்கும் இடையே நிலவிய அன்பு. மற்றொன்று, ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஐயர் ஊர் ஊராக அலைந்த அலைச்சல். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இந்நூலை முதன்முதலாகப் படித்தபோது என் மனத்திலும் இவ்விரண்டே நின்றன. ஐம்பது வயதைக் கடந்து மீண்டும் படித்தபோது, முன்பு நான் கவனியாத ஒருவர் கண்முன் வந்து நின்றார். அவர், நூலாசிரியரின் தந்தையார் வேங்கடசுப்பையர்.

மீண்டும் படிக்க நேர்ந்த காரணத்தை மறைக்காமல் கூறிவிடுகிறேன். ஆறாம் படிவத்தில் அறிவியல் பயின்ற என் மகள், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் தேர்வாக மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையை எழுதியிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியல் பயில்வாள், வார இறுதியில் வீட்டுக்கு வருவாள் என்றே நானும் என் மனைவியும் எண்ணியிருந்தோம். “தமிழை யாரும் உன்னிடமிருந்து பறிக்கப் போவதில்லை, வேலைக்கு உரியதை முதலில் படி” என்றேன். அவள் அமைதியாகக் கேட்டாள்: “அப்பா, பள்ளிக்கூட விழாவில் மற்றவர் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்ல மாட்டீர்களே?” முப்பது ஆண்டுக்காலம் மேடைதோறும் தமிழைப் படியுங்கள் என்று முழங்கிய தலைமையாசிரியனுக்கு அதற்கு விடை தெரியவில்லை. அன்றிரவுதான் ‘என் சரித்திர’த்தை மீண்டும் எடுத்தேன்.

வேங்கடசுப்பையர் இசைவாணர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகன் இசையில் தேர்ந்து அதனாலேயே வாழவேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகனுக்கோ தமிழின்மேல் தீராத பசி. ஆங்கிலம் கற்றால் இவ்வுலகில் வாழலாம், வடமொழி கற்றால் மறுமைக்கு உதவும், வெறுந்தமிழால் என்ன பயன் என்று அறிவுரை கூறியவர்களும் இருந்தனர். அக்கேள்வி இன்றைய ஜொகூரில் கேட்கும் கேள்விதான். மொழிகளின் பெயர்கள் மட்டும் சற்றே மாறியிருக்கின்றன.

இந்நிலையில் அத்தந்தை செய்தது என்ன? மகனுக்குப் பாடஞ் சொல்ல ஓர் ஆசிரியர் கிடைப்பார் என்று கேள்வியுற்றால், குடும்பத்தையே அவ்வூருக்குக் கொண்டுசென்றார். குன்னம், கார்குடி, செங்கணம் என்று அவ்வாறு குடிபெயர்ந்த ஊர்கள் பல. இராமாயணக் கதை சொல்லி ஈட்டிய சிறு வருவாயே குடும்பத்துக்கு ஆதாரம். இறுதியில் 1871-இல், பதினாறு வயது மகனை மாயூரத்துக்கு அழைத்துச் சென்று மகாவித்துவானிடம் ஒப்படைத்தார்.

அவ்வாறு ஒப்படைத்தபோதும் தம் பழைய ஆசையை அவர் விட்டுவிடவில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்பொழுது மாயூரத்தில் வாழ்ந்து வந்தார். அவரிடம் சென்று இசையும் கற்றுக்கொள் என்று மகனைப் பணித்தார். இப்பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். “தமிழ் படி, ஆனால் கூடவே கணினியும் படி” என்று அன்று மாலைதான் என் மகளிடம் பேரம் பேசியிருந்தேன். மகனும் தந்தை சொல்லைத் தட்டாமல் பாரதியாரிடம் சென்றார். அதனை அறிந்த மகாவித்துவானுக்கு அது உவப்பாக இல்லை. இசைப்பயிற்சி அத்துடன் நின்றது. தமிழ்ப்படிப்போ 1876-இல் மகாவித்துவான் மறையும் வரை தொடர்ந்தது.

நூலாசிரியர் இங்கே காட்டும் நிதானம் பாராட்டுக்குரியது. தம் வழியே சரியென்று காலம் காட்டிவிட்ட பின்னரே அவர் எழுதுகிறார். 1887-இல் சீவக சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் அவர் கையால் பதிப்புப் பெற்றுவிட்டன. எண்பத்தைந்தாம் வயதில், தந்தையைப் பழைமைவாதி என்று சுட்டி, தம் வெற்றியை உயர்த்திக் காட்டியிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. தந்தையின் ஆசையையும் தம் ஆசையையும் அருகருகே வைத்துவிட்டு அப்பால் செல்கிறார்.

குறை ஒன்றும் உண்டு. தந்தையின் மனத்தை மகனின் எழுத்து வழியாகவே நாம் காண்கிறோம். மாயூரத்தில் மகனை விட்டுத் திரும்பி நடந்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்பதற்கு நூலில் விரிவான இடமில்லை. அன்னையார் சரசுவதி அம்மாளின் மனமோ இன்னும் மங்கலாகவே தெரிகிறது. நம் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் நிரப்பத்தக்க இடம் இது. பிள்ளையைப் படிக்கவிடாத குடிகாரத் தந்தையையும், பட்டம் பெற்ற மகனைப் பார்த்துக் கண்ணீர் மல்கும் தாயையும் நாம் பலமுறை எழுதிவிட்டோம். பிள்ளையின் தேர்வைப் பாதி மனத்தோடு ஏற்று, பெட்டியைச் சுமந்து உடன் செல்லும் பெற்றோரை அத்துணை எழுதவில்லை.

வேங்கடசுப்பையரின் பெருமை, அவர் ஐயமின்றி இசைந்தார் என்பதில் இல்லை. ஐயம் இருந்தது, அதனைச் சொல்லவும் செய்தார். ஆனால் அவ்வையத்தை மகனின் வழியில் தடையாகக் கிடத்தவில்லை. பெற்றோரின் மனம் இரண்டுபடுவது குற்றமன்று என்பதை இந்நூலிலிருந்து நான் கற்றேன். வறுமையைக் கண்டவன் தன் பிள்ளையின் வருவாயைப் பற்றி அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்துக்கு மொழிப்பற்று என்றோ நடைமுறை அறிவு என்றோ வேறு பெயர் சூட்டி, பிள்ளையை ஏமாற்றுவதுதான் குற்றம்.

என் மகள் தேர்ந்த துறை 1956-இல் சிங்கப்பூரில் தோன்றியது. அதன் நூலகத்துக்காகத் தமிழ்முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டியபோது, எளிய தொழிலாளர்களும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். தங்கள் பிள்ளைகளுள் ஒருவரேனும் அங்கே சென்று படிப்பார் என்ற நம்பிக்கை இல்லாமலா கொடுத்திருப்பார்கள்? இதனை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்கு அது வந்தபோதுதான் கை நடுங்கியது.

விண்ணப்பத்தில் அவள் எழுதியதை நான் மாற்றச் சொல்லவில்லை. முழுமனத்துடன் இசைந்தேன் என்றும் சொல்லமாட்டேன். அவளிடமும் அவ்வாறு சொல்லவில்லை. இடம் கிடைத்தால், கோலாலம்பூர்வரை காரை ஓட்டிச்சென்று விட்டுவரப் போகிறவன் நான்தான். பிள்ளைகளின் மேற்படிப்பைக் குறித்து உறக்கமிழந்திருக்கும் பெற்றோர், ‘என் சரித்திர’த்தின் மாயூரப் பகுதியையாவது ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.