ஒட்டுக்கேட்கும் வீரன்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் இரண்டும் (2022, 2023) வந்துபோன பிறகு, அந்த நாவலின் நாயகன் வந்தியத்தேவனைக் குறை சொல்வது ஊர்ப்பகையை விலைக்கு வாங்குகிற காரியமாகிவிட்டது. கல்கியின் வேகம், அந்தப் பேச்சுக் குறும்பு, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை வருகிற தொடக்கம் எதையும் நான் மறுக்கவில்லை. ஐந்து பாகத்தையும் சோறு மறந்து படித்தவன்தான் நானும்.

என் மனத்தாங்கல் பழையது. இந்த இளைஞன் எதையும் தேடிக் கண்டடைவதில்லை. எல்லாம் அவன் காதில் வந்து விழுகிறது. கடம்பூரில் நள்ளிரவில் எட்டிப் பார்த்தால் சிற்றரசர்கள் சதி பேசுகிறார்கள். தஞ்சைக் கோட்டைக்குள் நுழைய பழுவூர் இளையராணி நந்தினியே பனை இலச்சினை மோதிரம் தருகிறாள். ஈழத்துக்குப் போகப் படகா? படகோட்டிப் பெண் பூங்குழலி இருக்கிறாள். நடுக்கடலில் கப்பல் எரிந்தால் சோழ இளவரசன் அருள்மொழிவர்மனே தேடி வருகிறான். ஓலை கொண்டுபோகிறவனை ஊரே சுமக்கிறது!

“வாரத் தொடர் அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ம் 1881–82இல் சிறுவர் வார இதழில் தொடராக வந்ததுதான். அதன் நாயகச் சிறுவன் ஜிம்மும் ஆப்பிள் பீப்பாய்க்குள் கிடந்து ஒட்டுக்கேட்கிறான். ஆனால் கேட்டதற்கு அவன் விலை கொடுக்கிறான். தன்னிடம் அத்தனை பிரியமாயிருந்த கப்பல் சமையல்காரன் சில்வர் கொலைகாரன் என்று அந்த இருட்டில் தெரிகிறது. பிறகு யாரும் சொல்லாமலே போய்க் கப்பலின் கயிற்றை அறுக்கிறான். கடற்கொள்ளையன் இஸ்ரேல் ஹாண்ட்ஸ் அவன் துப்பாக்கிக்குப் பலியாகிறான். ஊர் திரும்பிய பிறகும் கெட்ட கனவு விடுவதில்லை.

கல்கிக்கும் அந்த வாய்ப்பு கைக்கெட்டியது. உயிர் நண்பன் கந்தமாறனின் கடம்பூர் வீட்டிலேயே ராஜத்துரோகம். உண்ட வீட்டுக்கு விசுவாசமா, ஓலை தந்தனுப்பிய பட்டத்து இளவரசன் கரிகாலனுக்கு விசுவாசமா? அந்த ஓர் இரவில் ஒரு நாவலே இருந்தது. அதை அவர், முதுகில் பாய்ந்த கத்தி யாருடையது என்ற ஆள்மாறாட்டக் குழப்பமாகச் சுருக்கிவிட்டார். கரிகாலன் சாகும் இடம் இன்னும் மோசம். காக்கப் போனவன் அந்த நேரம் பார்த்துக் கழுத்து நெரிபட்டு மயங்கிக் கிடக்கிறான். கொலைப்பழி அவன்மேல் விழுகிறது. தவறு விழத்தான் கல்கி இடம் வைக்கவில்லை. அப்புறம் பாதாளச் சிறை, தப்பியோட்டம், மறுபடி குதிரை.

அவனைக் காதலித்த, கந்தமாறனின் தங்கை மணிமேகலை அவன் மடியில் உயிர்விட்ட பிறகுதான் அவனுக்குள் ஏதோ மாறுகிறது. புரட்ட அதற்கு மேல் பக்கமில்லை.