மக்களை அறிந்த நடிகர்

‘இயற்கையான நடிப்பு’ என்னும் தொடரை நாம் மிக மலிவாக வழங்கி வருகிறோம். உரக்கப் பேசாதவரை எல்லாம் இயற்கை நடிகர் என்கிறோம். படத்துக்குப் படம் மீசையையும் உடையையும் மாற்றுபவரைப் பல்திறன் படைத்தவர் என்று போற்றுகிறோம். இவ்விரு சொற்களுக்கும் மெய்யான பொருள் தந்த கலைஞர் ஒருவர் நமது சப்பிரகமுவ மண்ணிலேயே பிறந்தார். றக்வானையிலிருந்து பெல்மதுளை வழியாக இரத்தினபுரி செல்லும் பேருந்து, அவர் பிறந்த லெல்லோபிட்டியைக் கடந்தே செல்கின்றது. 1927இல் பிறந்து 2011 செப்டம்பரில் மறைந்த ஜோ அபேவிக்ரமவே அவர். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது சொற்பம். மொழி வேறு என்பது இதற்குப் போதிய சமாதானமாகாது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அவர் திரைக்கு வந்தது சிரிப்பு நடிகராக. சிங்களத் திரைப்படம் அந்நாளில் தென்னிந்தியப் படங்களின் நிழலிலே வளர்ந்து கொண்டிருந்தது. 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படம் ‘கடவுணு பொறொந்துவ’ உருவானதே மதுரையிலேதான். கதாநாயகன் பாடுவான், வில்லன் உறுமுவான், சிரிப்பு நடிகன் இடையிடையே வந்து கோமாளித்தனம் செய்து போவான். இந்தச் சிறு வட்டத்துள் அடைபட்டு அழிந்த திறமைகள் எத்தனையோ! ஜோ அபேவிக்ரம அதனை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

1971இல் டி. பி. நிஹால்சிங்க இயக்கிய ‘வெலிகதர’வைப் பார்த்தோர் இம்மாற்றத்தின் அளவை அறிவர். கள்ளக்கடத்தல் செய்யும் கோரிங் முதலாளியாக அதில் அவர் தோன்றுகிறார். எதிரே நிற்பவரோ காமினி பொன்சேகா ஏற்ற பொலிஸ் அதிகாரி. அதிகாரியின் பழைய இரகசியம் ஒன்று முதலாளியின் கைவசம் இருக்கின்றது. அவ்விரகசியத்தைப் பணத்தைப் போலவே நிதானமாக எண்ணி எண்ணிச் செலவிடுகிறார் இந்த முதலாளி. கூச்சல் தேவைப்படாத அதிகாரம் எத்துணைக் கொடியது என்பதை அந்த நிதானம் உணர்த்துகின்றது. அடுத்த ஆண்டே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘தேச நிசா’வில் அவர் பார்வையற்ற பெண்ணை மணந்த அழகற்ற மனிதனாக வருகிறார். மனைவிக்குப் பார்வை கிடைத்தால் தன்னை வெறுத்துவிடுவாளோ என்று நடுங்கும் அம்மனிதனிடம் கோரிங் முதலாளியின் சாயல் மருந்துக்கும் இல்லை.

எனினும் அவருடைய கலையின் சிகரங்களாக நாம் கருதுவன வேறு இரண்டு. ஒன்று ‘பெத்தேகம’. அம்பாந்தோட்டையில் ஆங்கில நிர்வாகியாகப் பணிபுரிந்த லெனார்ட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவலை 1980இல் லெஸ்டர் திரைக்குக் கொண்டுவந்தார். சேனைப் பயிரும் வேட்டையுமாகக் காட்டோரத்தில் வாழும் சிலிந்துவாக ஜோ அபேவிக்ரம நடித்தார். ஊர்த் தலைவனும் வட்டிக்குக் கொடுப்பவனும் சேர்ந்து அவனது குடும்பத்தை வளைக்கின்றனர். வேட்டைக்காரன் தானே வேட்டைப்பொருளாகிறான். முடிவில் துப்பாக்கியை அவர்கள் மீதே திருப்புகிறான். அந்தக் கொலைக்குப் பின்னே நிற்பது ஒரு சமூக அமைப்பு. அதனை வசனம் சொல்லவில்லை, தலைவன் முன் அவன் நிற்கும் நிலை சொல்லுகின்றது.

தோட்டத்து லயம் ஒன்றில், தொலைக்காட்சியில் இப்படத்தை முதியோர் சிலருடன் இருந்து பார்த்தோம். பால்வெட்டிலேயே ஆயுளைக் கழித்த ஒரு பெரியவர், “நம்ம அப்பன் தொரைக்கு முன்னால நிக்கிற மாதிரியே நிக்கிறாரே!” என்றார். அவருக்குச் சிங்களம் ஓரளவே தெரியும். ஆனால் பெரட்டுக்களத்தில் அரைப்பேர் போட்டபோது வாய் திறவாமல் நின்ற தந்தையை அவருக்குத் தெரியும். எந்தத் திறனாய்வாளனும் இதனினும் சிறந்த விமரிசனம் எழுதிவிட முடியாது. ஏழை மனிதன் அதிகாரத்தின் முன் தோளை எப்படி வைத்துக்கொள்கிறான், கையை எங்கே ஒளிக்கிறான், எந்த நொடியில் நிமிர்கிறான் என்பனவற்றை அறிந்து நடிப்பதுதான் இயற்கை நடிப்பு. அவ்வறிவு மக்களிடையே வாழ்ந்து பெறப்படுவது, ஒப்பனையறையில் கிடைப்பதன்று.

மற்றையது பிரசன்ன விதானகேயின் ‘புர ஹந்த களுவர’ (1997). போர்முனைக்குச் சென்ற மகனின் சவப்பெட்டி மூடி முத்திரையிடப்பட்டு வருகின்றது. பார்வையற்ற தந்தை வன்னிஹாமி மகன் இறந்ததை ஏற்க மறுக்கிறார். படிவத்தில் ஒப்பமிட்டால் நட்டஈடு கிடைக்கும். குடும்பத்துக்கோ பணம் வேண்டும். கிழவர் அசையவில்லை. இறுதியில் மண்வெட்டியை எடுத்துப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் மகனின் உடல் இல்லை. கண்ணே ஒரு நடிகனின் முதற் கருவி என்பர். அக்கருவியைத் துறந்து, கைத்தடியாலும் செவியாலும் மௌனத்தாலும் ஒரு நாட்டின் துயரத்தைக் காட்டினார் அவர். 1999இல் சிங்கப்பூர்த் திரைப்பட விழா அவருக்குச் சிறந்த நடிகர் விருதளித்தது. 2000இல் இலங்கை அரசு படத்தைத் தடைசெய்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது.

இந்தத் தந்தையை நாம் எவ்வாறு பார்ப்பது? 1981இலும் 1983இலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் நம்மவரின் உடைமைகள் சூறையாடப்பட்டன, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இரவில் சிங்களத்தில் ஒரு குரல் கேட்டாலே விளக்கை அணைத்த காலம் அது. வடக்கிலோ பிள்ளையின் சவப்பெட்டியைக்கூடக் காணாத தமிழ்த் தாய் தந்தையர் எண்ணிறந்தோர். இவற்றை மறந்துவிட்டு அப்படத்தைப் பார்க்க நம்மால் இயலாது, மறக்க வேண்டியதுமில்லை. ஆனால் வன்னிஹாமியின் குரலைக் கேட்கையில், நாம் அஞ்சப் பழகிய அதே மொழி, மகனை இழந்த தகப்பனின் மொழியாகக் காதில் விழுகின்றது. ஏழைகளின் பிள்ளைகளையே போர் தின்றது என்ற உண்மையை மேடைப் பேச்சுக்களைவிட ஆழமாக அந்த முதுகிழவர் நம் நெஞ்சில் பதிக்கிறார்.

பாராட்டோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பிழைப்புக்காக அவர் நடித்த சாதாரணப் படங்களும் பல. அவரை வளர்த்த சிங்களத் திரையுலகம், அவர் பிறந்த ஊரைச் சூழ்ந்துள்ள தேயிலை, இறப்பர் மலைகளில் உழைக்கும் தமிழரை முழு மனிதராகக் காட்டியது அரிதினும் அரிது. நம் பக்கத்திலும் குறை உண்டு. ‘தோட்டக்காரி’, ‘புதிய காற்று’ (1975) போன்ற முயற்சிகள் மலையக வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தன. அவை வலுவான தொடர்ச்சியைப் பெறவில்லை. நாமோ கடல் கடந்து வரும் கதாநாயகர்களின் பதாகைகளுக்கு மாலையிட்டுக் கொண்டிருந்தோம்.

கொழுந்து மடுவத்தில் தராசுத் தட்டைப் பார்த்து நிற்கும் பெண்ணின் முகத்தை நடித்துக் காட்ட நம்மிடையே ஒருவர் எப்போது எழுவார்? அவ்வாறு எழும் இளைஞருக்கு லெல்லோபிட்டியில் பிறந்த இக்கலைஞர் நல்லதோர் ஆசானாவார். சிங்களக் கிராமத்து உழவனை அவர் கூர்ந்து நோக்கிய அளவுக்கு நாம் நம் தாய் தந்தையரை நோக்கக் கற்போமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி.