இறந்தவரின் கையொப்பம் எவ்வளவு தூரம் செல்லும்?

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1978 செப்டெம்பரில் காலமானார். தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவ மாணவர்களின் படிப்புக்கு, எஞ்சும் எலும்புக்கூடு கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு. அவர் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பள்ளி அது. எழுதியது எழுதியபடியே நடந்தது.

கோவூர் நாடறிந்தவர். தன் கொள்கையை மேடை மேடையாகச் சொல்லிவந்தவர். மருத்துவபீடமும் கண் வைத்தியசாலையும் அதே நகரில் இருந்தன. இந்தத் துணைகள் ஒன்றுமில்லாத ஒருவர், நாவுலயில் கடை வைத்திருப்பவரோ ஓய்வுபெற்ற ஆசிரியையோ, அதே ஆசையை எழுதி வைத்தால் என்ன ஆகும்? மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ-9 வீதியில் இருக்கும் ஊர் நாவுல. கண்டியின் பெரிய வைத்தியசாலை ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. உறுப்பு தானப் பிரசாரம் பெரும்பாலும் கையொப்பத்தோடு நின்றுவிடுகிறது. சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சட்டத்தைப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. சிகிச்சைக்கோ கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ உடலையும் உறுப்புகளையும் கொடுக்க, இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. உயிரோடிருக்கும்போதே எழுத்தில் சம்மதம் தரலாம், மனம் மாறினால் திரும்பப் பெறலாம். எதுவும் எழுதாமல் போனவருக்காக நெருங்கிய உறவினர் சம்மதிக்கலாம். மூளையின் இயக்கம் மீளமுடியாதபடி நின்றுபோனால் அதுவும் மரணமே என்று அந்தச் சட்டம் அப்போதே ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இதற்கான சட்டம் வந்தது 1994இல்.

எழுதிக் கொடுக்கும் வழக்கம் எவ்வளவு சாதிக்கும் என்பதற்குக் கண் தானமே சாட்சி. இலங்கையில் கண் தானத்தைப் பரப்பிய ஹட்சன் சில்வா 1958இல் பத்திரிகைக் கட்டுரை ஒன்றின் வழியாகக் கண்களைக் கேட்டார். 1960இல் தன் தாய் இறந்தபோது அவருடைய கண்களையே தானமாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டு கண் தானச் சங்கம் உருவானது. 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. அதன் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இலங்கையரின் விழிவெண்படலங்கள் பார்வை கொடுத்திருக்கின்றன. முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன 1996இல் மறைந்தபோது அவர் கண்கள் ஜப்பானுக்குப் போயின.

இந்த வெற்றிக்குப் பௌத்தத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். கண்களைத் தானம் செய்த சிவி மன்னனின் ஜாதகக் கதை பன்சலையில் கேட்டு வளர்ந்தவர்களின் மனதில் இருப்பது உண்மைதான். ஆனால் கண்ணப்பரை வணங்கும் தமிழருக்கும் கண்ணைக் கொடுப்பது அந்நியமான எண்ணம் அல்ல. கதையைவிட நடைமுறைக்கே இதில் பங்கு அதிகம். கண்ணை வீட்டிலேயே எடுக்கலாம். இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும். முகம் சிதைவதில்லை, சவப்பெட்டி காத்திருப்பதில்லை, ஊர்வலம் தள்ளிப்போவதில்லை. குடும்பம் எதையும் இழக்காமலே ‘சரி’ என்று சொல்ல முடிகிறது.

சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் அப்படியல்ல. பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தின் உதவியோடு சுவாசம் ஓடும் ஒருவரிடமிருந்துதான் அவற்றை எடுக்க முடியும். நூறு மரணங்களில் ஒன்றில்தான் உறுப்பு தானத்துக்கான நிலைமை அமைகிறது என்று வசதி மிகுந்த பிரித்தானியாவிலேயே சொல்கிறார்கள். நாவுலயில் தன் கட்டிலில் முதுமையால் கண்மூடும் ஒருவர் ‘எல்லா உறுப்புகளும்’ என்று எழுதி வைத்திருந்தாலும், கொடுக்க முடிவது பெரும்பாலும் கண்களை மட்டுமே. இதைக் கையொப்பம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், அப்பாவின் ஆசையை நிறைவேற்றவில்லையே என்ற மனப்பாரத்தைப் பிள்ளைகள் காரணமில்லாமல் சுமப்பார்கள்.

ஒரே தாளில் எழுதப்படும் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று மோதவும் கூடும். உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலையும் பிரேத பரிசோதனை நடந்த உடலையும் மருத்துவபீடங்கள் பொதுவாக ஏற்பதில்லை. கண் எடுத்திருந்தால் மட்டும் பெரும்பாலும் தடையில்லை. ஏ-9 வீதி விபத்தில் தலையில் அடிபட்டு இறப்பவர் சிறுநீரகம் கொடுக்கலாம், ஆனால் மரண விசாரணைக்குப் பிறகு உடற்கூற்றியல் மேசைக்குப் போக வாய்ப்பில்லை. ‘முதலில் உறுப்பு, அது முடியாவிட்டால் உடல்’ என்ற வரிசை எழுதப்படாத ஆவணம் அரைகுறை ஆவணம்தான்.

சிலர் இதை இறுதி விருப்பாவணத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் என்ற 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் முறை காணிக்கும் வீட்டுக்கும் பொருத்தமானது. கண்ணுக்குப் பொருந்தாது. பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கும்போது சாம்பல் கரைத்து முடிந்திருக்கும்.

எழுதாமல் விட்டால் வருவது இதைவிடப் பெரிய துன்பம். கேரளத்தின் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டெம்பரில் மறைந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கும்படி தந்தை வாய்மொழியாகச் சொன்னார் என்றார் மகன். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று மகள் வழக்குப் போட்டார். கேரள உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், 2025 ஜனவரியில்தான் மகளின் மனு அங்கே தள்ளுபடியானது. வாழ்நாளெல்லாம் பொதுவாழ்வில் இருந்தவரின் கடைசி விருப்பத்தைச் சாட்சிகளை வைத்து நிறுவ வேண்டியிருந்தது. ஒரு பக்கத் தாள் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் நீதிமன்ற வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை.

ஆனால் தாள் இருந்தாலும் மருத்துவர்கள் குடும்பத்தின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். இந்தியச் சட்டப்படி, உறவினர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன் எழுதிய சம்மதமே போதும். நடைமுறையிலோ குடும்பம் மறுத்தால் எவரும் கத்தியைத் தொடுவதில்லை. இது இறந்தவருக்கு அநீதி என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அழுதுகொண்டிருக்கும் தாயை விலக்கிவிட்டு எடுக்கும் ஒரு சிறுநீரகம், அந்த ஊரில் அடுத்த பத்துச் சம்மதங்களைக் கொன்றுவிடும். குடும்பத்தை வெல்லும் அதிகாரத்தைத் தாளுக்குக் கொடுப்பதைவிட, தாளைப் பற்றிக் குடும்பத்துக்கு முன்பே தெரிந்திருக்கச் செய்வதுதான் பயன் தரும். 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயது ஹிதேந்திரன் எந்தப் படிவத்திலும் கையொப்பமிட்டவன் அல்லன். மருத்துவர்களான பெற்றோர் எடுத்த முடிவுதான் தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தை வீட்டுக்கு வீடு பேசவைத்தது.

மறுப்பு எழுதாத எல்லோரும் சம்மதித்தவர்களே என்று சட்டம் கொண்டுவரலாமே என்ற யோசனையும் எழுகிறது. ஸ்பெயினில் 1979 முதல் அப்படியொரு சட்டம் உண்டு. அங்கும் குடும்பத்தைக் கேட்டுவிட்டே எடுக்கிறார்கள். அங்கே உறுப்பு தானங்களின் எண்ணிக்கை உயர்ந்ததற்கு, 1989க்குப் பிறகு வைத்தியசாலைகளில் அமர்த்தப்பட்ட பயிற்சி பெற்ற இணைப்பாளர்களே முக்கிய காரணம் என்பார்கள். இலங்கையில் இன்னொரு தடையும் உண்டு. கோவிட் காலத்தில் அந்த நோயால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் ஆணையிட்டுக் கட்டாயமாக எரித்த அரசு இது. 2021 பெப்ரவரியில்தான் அந்த ஆணை விலக்கப்பட்டது, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மூன்று சமூகங்களும் வாழும் மாத்தளை மாவட்டத்தில், ‘நீங்கள் மறுக்கவில்லை, அதனால் எடுத்துக்கொள்கிறோம்’ என்று அதே அரசு சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தக் காயம் ஆறும்வரை, மனமுவந்து எழுதித் தரும் முறையே பாதுகாப்பானது.

தேவை சிறியதல்ல. நாவுலயிலிருந்து வடக்கே போனால் 1990களிலிருந்து சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான விவசாயிகளை வாட்டிவரும் வடமத்திய மாகாணம். இறந்தவர்களிடமிருந்து சிறுநீரகம் கிடைக்காத இடத்தில் ஏழைகளின் சிறுநீரகம் விலைக்குப் போகிறது. அத்தகைய வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டால்தான் 2016 ஜனவரியில் வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை இங்கே நிறுத்தப்பட்டது. கண்டியில் ஆற்றலுக்கும் குறைவில்லை. 2017 ஜூலையில் நாட்டின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது அங்கேதான்.

ஆகவே நாவுல போன்ற ஊருக்குப் புதிய சட்டம் அவசரமில்லை. பிரதேச செயலகத்திலும் அரச வைத்தியசாலையிலும் தமிழிலும் சிங்களத்திலும் படிவம் கிடைக்க வேண்டும். சாட்சிகளில் ஒருவர், பின்னர் மறுத்துப் பேசக்கூடிய உறவினராகவே இருக்க வேண்டும். இரவில் யாரை அழைப்பது என்ற தொலைபேசி எண் அடையாள அட்டையோடு பையில் இருக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் எஞ்சுவது குடும்பத்துக்குத் திரும்பி வருமா, எப்போது வரும் என்பதை மருத்துவபீடம் எழுத்தில் சொல்ல வேண்டும். உடலை ஏற்க முடியாது என்று மருத்துவபீடம் கைவிரித்தால் அடக்கமா தகனமா என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம். அன்றிரவு வீட்டில் எழக்கூடிய சச்சரவுகளில் ஒன்றாவது குறையும்.