மின்கார் மின்னேற்றத்தை நெறிப்படுத்தல்: பிரிட்டனின் வரவும் செலவும்

காரைச் செருகிய நொடியே மின்னேற்றம் தொடங்காமல், மின்தேவை குறைந்த நேரத்துக்கு அதைத் தள்ளிவைப்பதே நெறிப்படுத்திய மின்னேற்றம். பிரிட்டன் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2022 ஜூன் 30 முதல் அங்கே விற்கப்படும் வீட்டு மின்னேற்றிகள், வார நாட்களில் காலை 8 முதல் 11 மணி வரையும் மாலை 4 முதல் 10 மணி வரையும் இயங்காத வகையில் அமைக்கப்பட்டே வர வேண்டும். உரிமையாளர் விரும்பினால் இதை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் ஆதாயம் தெருவுக்கு அடியில் இருக்கிறது. வீட்டு மின்னேற்றி ஒன்று ஏறத்தாழ 7 கிலோவாட் இழுக்கும். பல வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் மாலையில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக ஓரிரு கிலோவாட்டே தேவைப்படும். மின்மாற்றியும் புதைவடமும் அந்தக் கணக்கில்தான் போடப்பட்டவை. வேலை முடிந்து வந்த அனைவரும் ஒரே நேரத்தில் செருகினால் தெருவைத் தோண்டி வடம் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு கார் இல்லாதவரின் கட்டணத்திலும் ஏறும். 40 முதல் 70 விழுக்காடு வீடுகளில் மின்கார் வந்தால் தாழ்வழுத்த மின்பாதைகளில் 32 விழுக்காட்டை வலுப்படுத்த நேரிடும் என்றும், நெறிப்படுத்தினால் 2050க்குள் 220 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றும் ‘மை எலெக்ட்ரிக் அவென்யூ’ ஆய்வுத்திட்டம் மதிப்பிட்டது. 3.5 கிலோவாட் மின்னேற்றிகளை வைத்துப் போட்ட கணக்கு அது. இன்றைய மின்னேற்றிகளோ அதைப்போல இரு மடங்கு திறன் கொண்டவை.

கார் உரிமையாளரின் ஆதாயம் கண்கூடு. பகலில் யூனிட்டுக்கு 25 பென்ஸ், இரவில் 7 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,000 யூனிட் ஏற்றுபவருக்கு 360 பவுண்டு மிச்சம்.

காற்றாலை மின்சாரம் வீணாகாது என்ற வாதத்தைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். பலத்த காற்று வீசும்போது ஸ்காட்லாந்துக் காற்றாலைகளுக்குப் பணம் கொடுத்து உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது உண்மை. ஆனால் அங்கிருந்து தெற்கே வரும் மின்தடங்களின் கொள்ளளவுதான் அங்கே தடை. லண்டனில் ஒரு கார் இரவில் மின்னேற்றினால் அந்த நெருக்கடி தீராது.

பெரிய குறை, விலையை மட்டுமே நம்புவது. மலிவு நேரம் தொடங்கியதும் எல்லாக் கார்களும் ஒன்றாக மின்னேற்றத் தொடங்கினால், மாலை உச்சம் நள்ளிரவு உச்சமாக இடம் மாறும், அவ்வளவே. இதற்காகவே ஒவ்வொரு மின்னேற்றியும் 10 நிமிடம் வரை சீரற்ற தாமதத்துடன் தொடங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மின்தொகுப்பில் ஏற்படும் திடீர்த் தாவலை அது தடுக்கும். மூன்று நான்கு மணி நேரம் நீளும் சுமையைக் குறைக்காது. மின்விற்பனை நிறுவனமே கார்களை முறைவைத்து ஏற்றுவது இதைவிட மேல். ஆனாலும் அது மொத்தச் சந்தை விலையையே முதன்மையாகப் பார்க்கும். தெரு மின்மாற்றியின் நிலை அறிந்தது வேறொரு விநியோக நிறுவனம். இவ்விரண்டின் தகவலும் இணையாத இடத்தில் வடச் செலவு மிச்சமாகும் என்பது நம்பிக்கை மட்டுமே.

பயன் போய்ச்சேரும் இடமும் சரியில்லை. இரவு மலிவு, வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் உள்ளவருக்கே கிடைக்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக்கூட்டு வரி 5 விழுக்காடு. அடுக்ககவாசி நம்பியிருக்கும் பொது மின்னேற்றத்தில் 20 விழுக்காடு வசூலிக்கப்பட்டு வந்திருக்கிறது. தெருவோர மின்னேற்றிகளுக்கும் இரவுக் கட்டணத்தைக் கொண்டுவருவதும், வரி வேறுபாட்டை நீக்குவதும் உடனே செய்யவேண்டியவை.