ஓவியத்தில் நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். இயற்கைக் காட்சி ஓவியத்தை மதிப்பிட இதனினும் நல்ல அளவுகோல் எமக்குத் தெரியவில்லை. மலையும் மரமும் வரைந்தால் நிலம் வந்துவிடும், பொழுது வருவதில்லை. தமிழகத்தின் வட எல்லையாகப் பாடப்பெற்ற நம் வேங்கடத்தை எழுதிய படங்கள் பலவற்றிலும் இக்குறையே காண்கிறோம். மலை நீலம், மரம் பச்சை. காலையா மாலையா, காரா வேனிலா என்று கேட்டால் படம் வாய் திறவாது.

பொழுதைக் கொணர்வது வண்ண அடுக்கு. நீர்வண்ண ஓவியன் மிக மெல்லிய பூச்சால் தொலைமலையை முதலில் இடுகிறான். அது உலர்ந்தபின் சற்றே அடர்ந்த பூச்சு. இறுதியில் அண்மை மரத்தின் கருநிழல். தாளின் வெண்மையே அவனுக்கு ஒளி. மூடிவிட்டால் மீட்டல் அரிது. இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதாலேயே தொலைமலை நீலமாய்த் தோன்றுகிறது. ஆகவே அவன் எழுதுவது மலையையன்று. மலைக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள காற்றை.

கே.சி.எஸ். பணிக்கரின் (1911–1977) தொடக்ககால நீர்வண்ணங்கள் இதற்குச் சான்று. தந்தித் துறையில் ஊழியம் பார்த்துவிட்டுச் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தவர் அவர். (எம்மைப் போன்ற எழுத்தர்க்கு இதில் ஒரு பெருமிதம் உண்டு.) அவருடைய கேரளக் காட்சிகளில் தென்னையும் நீரும் ஒன்றன் ஒளியை ஒன்று வாங்கி நிற்கும். 1960களில் அவர் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த வேறொரு பாணிக்குச் சென்றார். அதனைப் போற்றுவோர் முன்னையதை எளிதாக ஒதுக்குவது முறையன்று.

நம் அண்டையிலுள்ள காளத்திக் கலம்காரியிலும் வண்ண அடுக்கு உண்டு. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கருநீரால் கோடு இழுப்பர். படிகாரம் தொட்ட இடத்தில் சிவப்பு ஏறும். நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்தான் மரம் பச்சையாகும். ஆயினும் அங்கே பொழுது இல்லை; ஒவ்வோர் இலையும் தெளிவாக நிற்கும். நிழல் தீட்டினால் அம்மரங்கள் உயிர் பெறும் என்பாரும் உளர். யாம் உடன்படோம். அவை இராமகாதைக்குச் சாட்சியாக நிற்கும் மரங்கள். அவற்றுக்கு ஒரு மாலைப்பொழுது என்பதில்லை. நிழல் புகுந்தால் கோடு தளரும். கோடு தளர்ந்தால் கதையும் தளரும்.

தாளில் எழுதுவோர்க்கு இந்தச் சலுகை இல்லை. வேனிலில் செஞ்சந்தன மரங்கள் இலையுதிர்த்து நிற்க, மாலை வெயிலில் திருப்பதிக்கு மேலுள்ள பாறைச் சுவர் செம்மை ஏறுகிறது. அதனை நிழற்படம் பாராது, அடிவாரத்தில் அமர்ந்து எழுதும் இளைஞர் ஒருவரைக் காணக் காத்திருக்கிறோம்.