தவிற்சமாவும் பாணிகளின் சனநாயகமும்

ஒரே வாத்தியத்தை வாசிக்கும் பலர் ஓரிடத்திற் கூடித் தத்தம் பாணியை வெளிப்படுத்துவது கலை வளர்ச்சிக்கு இன்றியமையாதது. 1857இல் மத்தியாஸ் ஹோனர் மவுத் ஓர்கன் செய்யத் தொடங்கிய ஜேர்மனியின் துரொசிங்கன் நகரில் அவ்வாத்தியத்துக்கென உலக விழாவே நடைபெற்றுள்ளது. நம்மிடம் அத்தகைய அரங்கு இல்லையென வருந்துவோர், யாழ்ப்பாணத்துத் திருவிழா இரவுகளை எண்ணிப் பார்ப்பாராக.

சுவாமி வீதிவலம் வருகையில் மல்லாரி முழங்கும். பின்னர் நாதஸ்வரகாரர் இராகத்தை விரித்துக் கீர்த்தனையை முடித்ததும், தவில்கள் எதிரெதிரே நிற்கும். இதுவே சமா. ஒருவர் கணக்கு வழக்கில் வல்லவர். இன்னொருவர் நாத சுகத்தில் வல்லவர். வலந்தலையிற் கூடணிந்த விரல்களும் தொப்பியிற் கழியும் பேசும் மொழி ஆளுக்காள் வேறுபடும். இணுவில், அளவெட்டி, சாவகச்சேரிக் கலைஞரோடு தமிழகத்து வித்துவான்களும் இவ்வீதிகளில் வாசித்தனர். யார் பாணி தூயது என்று எவரும் கேட்டதில்லை. தாளம் தவறாதிருந்தாற் போதும். அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்திலும் போற்றப்பட்டமைக்கு இச்சூழலும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

எனினும் குறைகளை மூடிமறைத்தல் விமர்சனமாகாது. சமா வேகப் போட்டியாகச் சீரழியும்போது கரகோஷம் மிஞ்சுகிறது, நாதம் தேய்கிறது. நாதஸ்வரத்தின் இராக ஆலாபனை, தவிலுக்கு முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. வேகமும் ஒரு பாணியே. ஆனால் அது ஒன்றே பாணியாகிவிடின் பன்மை எங்கே?

இதனினும் பெரியதொரு முரண்பாடு உண்டு. பாணிகள் அனைத்தையும் வரவேற்ற அதே வீதி மனிதர் அனைவரையும் வரவேற்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் வாசலுக்கு வெளியே நின்றே மேளத்தைக் கேட்டனர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது இக்கொடுமைக்கு எதிராகவே. மேளகாரருக்கு விழாவிற் பொன்னாடை போர்த்திய பெருமக்கள், மறுநாள் அவரைத் தமக்குச் சமமாக ஆசனத்தில் இருத்தினரா? கலையைக் கொண்டாடிக் கலைஞனைக் குலத்தால் அளப்பது நிலவுடைமைச் சமுதாயத்தின் இரட்டை நாக்கு அன்றோ?

ஆகவே, சமாவைப் பழம்பெருமையாக மட்டும் போற்றுவதும், சாதியச் சூழலிற் பிறந்ததென ஒதுக்குவதும் ஒருங்கே தவறு. பல பாணிகள் அருகருகே நின்று ஒரே தாளத்துக்குக் கட்டுப்படலாம் என்ற பாடத்தை அக்கலைஞர்கள் தம் உழைப்பால் நமக்கு அளித்துள்ளனர். அதனைக் கோயில் வீதியிலிருந்து பாடசாலை மண்டபத்துக்கும் ஊர்ச் சந்திக்கும் கொண்டு செல்வது ஆசிரியர், மாணவர் கடமை. அங்கே கேட்போர் எவரும் வெளியே நிற்கலாகாது.